உள்ளே ரோல் இருக்கு

போகிக்கு முதல் நாள் நம்மவர் பீரோவைத் திறப்பார். "இந்த வருஷம் பாதியையாவது தள்ளிடணும்" என்று வீடு முழுக்கக் கேட்கும்படி அறிவிப்பார். மறுநாள் எரிவது பழைய பாயும் தேய்ந்த துடைப்பமும்தான். காமிராவில் ஒன்றுகூடக் குறைந்ததில்லை. காமிரா வந்த அட்டைப்பெட்டிகூடக் குறைந்ததில்லை. அசல் பெட்டியோடு கொடுத்தால் விலை கூடுமாம், விற்கப்போகாத சாமானுக்கு.

இந்த ரகத்து ஆளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஐம்பதைத் தாண்டியவர். வங்கியிலோ மின்வாரியத்திலோ உத்தியோகம். சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் லென்ஸ் துடைக்கிற சின்ன பிரஷ் இருக்கும். துக்கம் விசாரிக்கப் போன இடத்தில்கூட, சுவரில் மாலை போட்ட படத்தை உற்றுப் பார்த்து, "இது 120 ரோல்ல எடுத்ததா?" என்பார். வீட்டார் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆமாம் என்பார்கள். அடுத்த கேள்வியைப் பதின்மூன்றாம் நாள் காரியத்துக்கு ஒத்திவைக்கிற அளவுக்கு அவருக்கு நாகரிகம் உண்டு: "அந்தக் காமிரா இப்போ எங்கே இருக்கு?"

ஆரம்பம் சாதாரணமானதுதான். அப்பா விட்டுப்போன ஆக்ஃபா க்ளிக் 3. பரோடாவில் செய்தது, ஒரு ரோலுக்கு 12 சதுரப் படம். இந்த நாட்டில் எத்தனையோ வீட்டு ஆல்பங்கள் அதனால்தான் நிரம்பின. அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் டிஜிட்டல் வந்தது. 2006-ல் கோனிகா மினோல்டா காமிராத் தொழிலையே விட்டு வெளியேறியது. 2012 ஜனவரியில் கோடாக் திவால் மனு போட்டது. ஊரெல்லாம் பரணிலிருந்து யாஷிகாவை இறக்கிப் பழைய பேப்பர்காரரின் தராசில் வைத்தபோது, நம்மவர் தராசுக்குப் பக்கத்திலேயே நின்றார்.

அவருடைய கணக்கு விசித்திரமானது. ஷட்டர் இறுகிப்போன ஒரு கேனோநெட்டை வாங்குவார். அதற்குப் பாகம் வேண்டுமென்று, லென்ஸில் பூஞ்சை பிடித்த இன்னொரு கேனோநெட்டை வாங்குவார். பிரித்துப் பார்த்தால் முதலாவதற்கு எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்ததே போதுமானதாக இருக்கும், ஓட ஆரம்பித்துவிடும். இரண்டாவதை என்ன செய்வது? பூஞ்சையைத் தவிர அதற்கு ஒரு குறையுமில்லையே, பாவம். அதற்கு ஒரு நல்ல லென்ஸ் தேட வேண்டும். அப்படித்தான் மூன்றாவது வருகிறது.

பென்டாக்ஸ் கே 1000-ம் மூன்று இருக்கிறது. 1976-ல் வந்து, 1997 வரை பெரிய மாற்றமில்லாமல் செய்யப்பட்ட காமிரா அது. "மூணும் ஒண்ணு மாதிரிதானே இருக்கு?" என்று வீட்டம்மா கேட்டார். கேட்டிருக்கக் கூடாது. ஒன்று ஜப்பானில் செய்தது, ஒன்று ஹாங்காங்கில், ஒன்று சீனாவில். இதன் மேல்மூடி பித்தளை, அதனுடையது பிளாஸ்டிக் என்று விளக்கம் முடிவதற்குள் அடுப்பில் பால் பொங்கிவிட்டது.

பேட்டரி விவகாரம் தனி. அந்தக் காலத்துக் காமிராக்கள் பலவற்றின் லைட் மீட்டர் பாதரச பேட்டரியில் ஓடியது. பாதரசம் விஷம் என்று அதை உலகம் கைவிட்டுவிட்டது. காது மெஷினுக்குப் போடும் 675 பேட்டரி கிட்டத்தட்ட அதே வோல்ட்டேஜ் தரும் என்று நம்மவர் கண்டுபிடித்தார். ஸ்டிக்கரை உரித்துக் காற்றுப் பட்டதும் வேலை செய்யும். இரண்டொரு மாதத்தில் படுத்துவிடும். ஆகவே அட்டை அட்டையாக வாங்குகிறார். மருந்துக்கடைக்காரர் இப்போதெல்லாம் அவரிடம் உரக்கப் பேசுகிறார்.

ஃபிரிட்ஜின் காய்கறித் தட்டில் கறிவேப்பிலைக்குப் பக்கத்தில் ரோல்கள். அவற்றில் இரண்டு, ஊட்டி இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸின் 'இந்து' ரோல்கள். 1967-ல் உற்பத்தி தொடங்கிய அந்த ஆலை மூடியே பல வருஷம் ஆகிவிட்டது. ரோல் காலாவதியானது அதற்கும் முன்னால். தூக்கிப் போடச் சொன்னால், "அப்புறம் கிடைக்காது" என்பார். உண்மைதான், கிடைக்காது. அடைமழை மாதங்களில் ஈரம் இழுக்க சிலிகா ஜெல் வைப்பார். நீலக் கற்கள் ஈரம் குடித்து ரோஸ் நிறமானதும் வாணலியில் வறுத்து மறுபடி நீலமாக்குவார். முதல் தடவை அது சமையல் வாணலி. இப்போது அதற்கென்று தனி வாணலி. தனி பீரோவுக்கும் பேச்சு நடக்கிறது.

இத்தனையும் வைத்துக்கொண்டு என்ன படம் எடுக்கிறார்? காம்பவுண்ட் சுவர். எந்தக் காமிரா வந்தாலும் முதலில் டெஸ்ட் ரோல்; எந்த டெஸ்ட் ரோலிலும் காம்பவுண்ட் சுவர், மின்கம்பம், எதிர்வீட்டுப் பூனை. ஓய்வூதியப் படிவத்துக்குப் பாஸ்போர்ட் சைஸ் படம் கேட்டபோது தெருமுனை ஸ்டுடியோவுக்குத்தான் போனார். பழைய நினைவுகளுக்காக வைத்திருக்கிறார் என்று உறவினர்கள் பெருமூச்சு விடுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பேட்டரி செத்தாலும் ஷட்டர் அடிக்கிற நிக்கான் எஃப்.எம்.2 போன்ற ஒரு யந்திரம் சும்மா கிடப்பது அவருக்குப் பொறுக்கவில்லை. அதனால் வாங்குகிறார். வாங்கி, சும்மா வைக்கிறார்.

போன தையில் விற்பனை கிட்டத்தட்ட நடந்தேவிட்டது. விஸ்காம் படிக்கிற பையன் ஒருவன் வந்தான்.

"சார், கே 1000 ஒண்ணு குடுக்கறதா சொன்னாங்க."

"உட்காரு தம்பி. காபி சாப்பிடுறியா?"

அத்தோடு பையனின் பாதி வாய்ப்பு போயிற்று. காபி ஆறுவதற்குள் பரீட்சை. "மீட்டர் வேலை செய்யலைன்னு வெச்சுக்கோ. நல்ல வெயில், 200 ரோல். என்ன வைப்பே?"

"எஃப் 16, இருநூத்தம்பது சார்."

சரியான விடை. நம்மவர் முகம் தொங்கிவிட்டது. தப்பாகச் சொல்லியிருந்தால் கண்ணியமாக மறுத்திருக்கலாம். கடைசி ஆயுதத்தை எடுத்தார்.

"ஒரு சிக்கல் தம்பி. உள்ளே ரோல் இருக்கு. பதினேழாவது படத்துல நிக்குது. முடிச்சிட்டுக் கூப்பிடறேன்."

"பரவாயில்ல சார், மிச்சத்தை நான் எடுத்துக்கறேன்."

"அதெப்படிப்பா? முதல் பாதி என்னோடது!"

ஒரு ரோல் ஆயிரம் ரூபாய் அளவில் விற்கிற காலத்தில் இந்த வாதத்தை யாராலும் அசைக்க முடியாது. பீரோவில் இருக்கிற எல்லாக் காமிராவிலும் ஒரு ரோல் பாதியில் நிற்பது தற்செயல் என்று நானும் கொஞ்ச நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

பையன் செருப்பை மாட்டிக்கொண்டே, "எங்க தாத்தாகிட்ட ஒரு ரஷ்யன் காமிரா சும்மா கிடக்குது சார்" என்றான். அடுத்த ஞாயிறு ஜெனிட் வந்து சேர்ந்தது. கனத்தில் அம்மிக்கல்லுக்குத் தம்பி. ஷட்டர் சத்தத்துக்கு எதிர்வீட்டுப் பூனை சுவரை விட்டு இறங்கியது.

அவரிடம் காமிரா வாங்கப் போகிறவர்களுக்கு என் யோசனை இதுதான்: வாசலிலேயே பணத்தைக் கையில் கொடுத்துவிடுங்கள், உள்ளே இருக்கிற ரோலுக்கும் சேர்த்துக் கொடுங்கள், காபி வேண்டாம் என்று சொல்லுங்கள், உங்கள் வீட்டில் ஒரு பழைய காமிரா கிடப்பதை மட்டும் மறந்தும் சொல்லிவிடாதீர்கள். வீட்டம்மா உங்களுக்குக் கடமைப்பட்டிருப்பார்.