பண்ணு என்னும் உபகாரி

பெயருக்கும் வினைக்கும் வேஷம் மாற்றாமலே நிற்கும் ஆங்கிலச் சொற்களின் சாமர்த்தியத்தைப் பண்டிதர்கள் சிலாகிக்கலாம். ஆனால் சிலமலையிலிருந்து போடிநாயக்கனூர் வரை ஏலக்காயை நம்பி ஜீவனம் நடத்துகிறவர்களிடம் அது செல்லுபடியாகாது. ‘கிரேடு’ இங்கே பெயர் மட்டுமே. வினையாக வேண்டுமானால் ‘பண்ணு’ என்னும் உபகாரியின் கையைப் பிடித்தாக வேண்டும். 8 மில்லிமீட்டர் சல்லடையில் தங்கிய பச்சைக் காய்க்கே மதிப்பு அதிகம் என்றறிந்து, வெடித்ததையும் வெளிறியதையும் விரலால் ஒதுக்கும் அம்மாள், “கிரேடு பண்ணியாச்சு முதலாளி, என்ன கிரேடுன்னு நீங்களே பாருங்க” என்று ஒரே மூச்சில் இரண்டு இலக்கணத்தையும் நிர்வகித்துவிடுகிறாள். நறுமணப் பொருட்கள் வாரியத்தின் மின்னணு விற்பனையிலோ சங்கடம் வேறு: அங்கே ஏலம் ஏலம் போகிறது, எது சரக்கு, எது வியாபாரம் என்று இலக்கண விசாரம் செய்வதற்குள் அடுத்த லாட் வந்துவிடுகிறது.