அடைப்பு மாமா

மாட்டுங்காவின் பழைய கட்டடங்களில் லிஃப்ட் இருக்காது; அடைப்பு மாமா இருப்பார்.

1896-ல் பம்பாயில் பிளேக் வந்தது. 1898-ல் இம்ப்ரூவ்மெண்ட் டிரஸ்ட் அமைத்து, ஜனங்கள் காற்றோட்டமாக இருக்கட்டும் என்று தாதர், மாட்டுங்கா பக்கம் மனை பிரித்தார்கள். ஊர் நாற்றத்துக்குப் பயந்து பிறந்த பேட்டை. இங்கே ஒருவர் சாக்கடையையே நினைத்து வாழ்ந்தால் அது வம்ச குணம்.

மாமா ரிடையர் ஆகி வருஷம் பத்தாகிறது. காலை ஆறரைக்கு டார்ச்சும் கையுமாகப் பின்பக்கத்துச் சாக்கடைச் சந்தான ஹவுஸ் கல்லிக்குள் நுழைவார். மூணாம் மாடியிலிருந்து இறங்கும் வார்ப்பிரும்புக் குழாயைச் சாவியால் தட்டிக் காது கொடுப்பார். ‘டங்’ என்றால் சுகம். ‘தொப்’ என்றால் மேலே யார் வீட்டிலோ நேற்று விசேஷம்.

பிளம்பர் மூங்கில் பிளாச்சை விட்டுக் குடைந்து இழுக்கும்போது மாமாவைப் பார்க்கவேண்டும். வெளியே வந்து விழுவதைக் குச்சியால் கிளறி ஜாதகம் சொல்வார். “புளிச்சக்கை. வத்தக்குழம்பு. இது தேங்காய்த் துருவல், அவியல். கறிவேப்பிலை காம்போட கிடக்கு பாருங்கோ, மாமி ஊர்ல இல்லை, அவாத்து மாமாதான் சமைச்சிருக்கார்.”

விசாரணை மாடிப்படியிலேயே நடக்கும்.

“மாமி, வடிச்ச கஞ்சியை சிங்க்ல கொட்டினேளா?”

“எங்காத்துல குக்கர், மாமா.”

“அப்போ இட்லி மாவுப் பாத்திரம் அலம்பின ஜலம்.”

மாமிக்கு அடுப்பில் பால் வைத்தது ஞாபகம் வந்துவிடும்.

அவர் கேட்பதெல்லாம் நியாயம்தான். எண்ணெய்ச் சட்டியைப் பழைய பேப்பரால் துடைத்துவிட்டு அலம்பு. காபி வண்டலைச் செடிக்குப் போடு. தரையில் தண்ணீர் இறங்கும் நஹானி டிராப் ஜாலியைக் கழற்றாதே. ஒருதரம் இரண்டாம் மாடிப் பையன் காஸ்டிக் சோடா டப்பாவோடு வந்தான். படியிலேயே மடக்கினார். “எண்ணெயும் காஸ்டிக் சோடாவும் சேர்ந்தா என்னடா? சோப்பு! நீ குழாயைத் திறக்கலை, உள்ளே சோப்பு கம்பெனி திறக்கறே.”

தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே இறுகும். ஜனவரி ராத்திரியில் மும்பை அதற்கும் கீழே இறங்கும். பாலக்காட்டுச் சமையலும் மார்கழிக் குளிரும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை அவர் சொல்லும்போது, கதாகாலட்சேபத்தில் ராவணன் வரும் கட்டம் மாதிரி குரல் இறங்கும். 2017-ல் லண்டன் வைட்சேப்பல் சாக்கடையில் 250 மீட்டர் நீளத்துக்கு, 130 டன் கொழுப்புக் கட்டி சிக்கியது. அதில் ஒரு துண்டை மியூசியத்திலேயே வைத்தார்கள். பேரன் காட்டிய அந்தச் செய்தியை ஜெராக்ஸ் எடுத்து நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிட்டு, “நம்ம சரக்கை அவன் பார்த்ததில்லை” என்றார். பெருமையா வருத்தமா, புரியவில்லை.

மாமாவுக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்று புதிதாகக் குடிவந்தவர்கள் கேட்பதுண்டு. அவர் வீடு தரைத்தளம். மேலே மூன்று மாடியும் கொட்டுவதைக் குழாய் விழுங்காவிட்டால், அது முதலில் எட்டிப் பார்ப்பது அவர் சமையலறையில்தான். மற்றவர்களின் தீபாவளி எப்படிக் கழிந்தது என்று யாரிடமும் அவர் கேட்டதில்லை.

போன மாதம் ரீடெவலப்மெண்ட் மீட்டிங். பில்டரின் ஆள் பளபளவென்று படம் காட்டினான். ஒருவர் கார்ப்பெட் ஏரியா எவ்வளவு என்றார், இன்னொருவர் கார் பார்க்கிங் எத்தனை என்றார். புது வீடு முடியும்வரை வாடகை யார் கொடுப்பது என்று பெரிய சண்டை. கடைசி வரிசையில் மாமா கை தூக்கினார்.

“கிச்சன் லைன் எத்தனை இஞ்ச்?”

“நாலு இஞ்ச், அங்கிள்.”

“கீழே திரும்பற இடத்துல பெண்டு செங்குத்தா, சாய்வா?”

அவன் கம்ப்யூட்டரில் தேட ஆரம்பித்தான். தேடிக்கொண்டே இருந்தான். மாமா டார்ச்சை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

“வா, பழசைக் காட்டறேன்.”