‘இப்ப என்ன பாட்டு ஓடுது?’: கொங்கு நாட்டுச் செவிப்பகிர்வு குறித்த ஓர் ஆராய்ச்சி

தாம் கேட்டுக்கொண்டிருக்கும் பாட்டு இன்னதென்று ஒருவர் இன்னொருவருக்குத் தெரிவிக்கும் செயல் இக்கட்டுரையில் ‘செவிப்பகிர்வு’ எனப்படும். இக்கட்டுரை என்னுதலிற்றோ எனின், கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் அச்செயல் நிகழும் முறையும், அதன் தொன்மையும், அண்மையில் அதற்கு நேர்ந்த கேடும் உணர்த்துதல் நுதலிற்று. நாமக்கல், கரூர் அன்பர்கள் தங்களை விட்டுவிட்டதாக வருந்த வேண்டாம். அங்கேயும் சத்தத்துக்குக் குறைவில்லை என்பதை ஆய்வாளர் அறிவார்.

பிற நாடுகளில் செவிப்பகிர்வு இரண்டு படிகளில் நடக்கிறது. ஒருவர் கேட்கிறார், மற்றவர் சொல்கிறார். கொங்கு நாட்டில் முதற்படிக்கே வேலை கிடையாது. நீங்கள் வாயைத் திறப்பதற்கு முன்பே பாட்டு உங்கள் காதுக்கு வந்துவிட்டிருக்கும். கல்யாண வீட்டில் ‘போதுமுங்க, போதுமுங்க’ என்று இலைக்குக் குறுக்கே கையை நீட்டினாலும் விரல் சந்தில் இன்னொரு கரண்டி விழுமே, அந்த உபசரிப்புதான் இது. இதில் வன்முறை இருப்பதாகச் சென்னையிலிருந்து வந்தவர்கள் சிலர் சொல்வார்கள். அவர்களுக்கு இலையில் விழுந்ததும் பிடிக்காது.

தொன்மையிலிருந்து தொடங்குவோம். சிலப்பதிகாரத்துக்கு உரை கண்ட அடியார்க்கு நல்லார் கொங்கு மண்டலத்து நிரம்பையைச் சேர்ந்தவர். தம் உரைக்கு ஆதாரமாக இசைநுணுக்கம், இந்திரகாளியம், பஞ்சமரபு, பரதசேனாபதீயம், மதிவாணர் நாடகத்தமிழ் என ஐந்து நூல்களை அவர் பட்டியலிடுகிறார். பட்டியலோடு நின்றாரா என்றால் இல்லை. பெருநாரை, பெருங்குருகு போன்ற பழைய இசைத்தமிழ் நூல்களெல்லாம் அழிந்துபோயின என்றும் சொல்கிறார். இன்று பேக்கரி வாசலில் டீ கிளாஸைக் கையில் பிடித்தபடி ‘அந்தக் காலத்துப் பாட்டு மாதிரி வருமாங்க?’ என்று பெருமூச்சு விடுபவர்கள் இந்த மரபின் நேர் வாரிசுகள். அவர் சொன்ன ஐந்தில் பஞ்சமரபை 20ஆம் நூற்றாண்டில் பதிப்பித்து வெளியிட்ட வே.ரா. தெய்வசிகாமணிக் கவுண்டரும் கொங்கு நாட்டவரே. கைமாறிப் போன ஒரு பாட்டு நூல் சில நூறு வருடம் கழித்து அதே சீமைக்காரர் கையிலேயே வந்து சேர்ந்திருக்கிறது. 1987இல் கேசட் இரவல் கொடுத்துவிட்டு இன்னும் காத்திருப்பவர்கள் நம்பிக்கையைக் கைவிடத் தேவையில்லை.

இடைக்காலத்தை விரைந்து கடக்கலாம். வானொலி வந்தது. முதலில் இலங்கை வானொலி. பிறகு 1966இல் கோவைக்கே ஒரு நிலையம். நேயர் விருப்பம் என்னும் அரிய வழக்கம் பரவிய காலம் அது. ஒரு பாட்டைக் கேட்டு அஞ்சலட்டை போட்டால், அந்தப் பாட்டுக்கு முன்னால் அட்டை போட்டவர்கள் பெயரையும் ஊரையும் வாசிப்பார்கள். சூலூர், காரமடை, அன்னூர், சோமனூர் என்று வாசித்து முடிக்கையில் பாதிப் பாட்டுக்கான நேரம் போயிருக்கும். பாட்டைக் கேட்கவே இவர்கள் அட்டை போட்டார்கள் என்பது பாமரர் கொள்கை. அந்தப் பாட்டு எப்படியும் வாரத்தில் நாலு நாள் ஒலிக்கத்தான் செய்தது. தான் இந்தப் பாட்டைக் கேட்கும் ஆள் என்பது பக்கத்து ஊருக்குத் தெரிய வேண்டும், குறிப்பாகப் பக்கத்து ஊரில் ஒரு வீட்டுக்குத் தெரிய வேண்டும் என்பதே நோக்கம் என ஆய்வாளர் கருதுகிறார்.

ஊர் நோம்பி வேறு வகை. மாரியம்மன் கோயிலில் கம்பம் நட்டதும் ரேடியோ செட் வந்துவிடும். சீர்காழி கோவிந்தராஜனின் பிள்ளையார் பாட்டில் தொடங்கி, எல்.ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாட்டு வழியாக, டி.எம்.எஸ்ஸின் தத்துவத்தைத் தொட்டு, பொழுது சாய்ந்தபின் இளைஞர்கள் கைக்கு மைக் செட் மாறும் வரிசை எந்தச் சாத்திரத்திலும் எழுதப்படவில்லை. எழுதப்படாததால்தான் யாரும் மீறுவதில்லை. எழுதப்பட்டதன் கதியைப் பாருங்கள்: 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள், குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 என்று வரம்பு கட்டின, இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கியே கூடாது என்றன. கூம்புக் குழாய்க்குத் தடையும் வந்தது. தென்னை மரத்து உச்சியில் இருந்த கூம்பு இறங்கி, அதே இடத்துக்குக் கீழே ஆள் உயரப் பெட்டிகளாக அடுக்கப்பட்டது. முன்பு காதுக்கு மட்டும் கேட்டது, இப்போது நெஞ்சுக்கூட்டிலும் கேட்கிறது.

இங்கே ஒரு தடை எழுப்புவர். கொங்கு நாட்டின் மெய்யான செவிப்பகிர்வு ஒயில் கும்மியன்றோ, மேட்டுப்பாளையம் பக்கத்துத் தேக்கம்பட்டி பத்திரப்பனுக்கு வள்ளி ஒயில் கும்மிக்காக 2024இல் பத்மஸ்ரீ கொடுத்தார்களே, அதை விட்டுவிட்டு ரேடியோ செட்டை ஆராயலாமோ எனின், ஆராயலாம். கும்மியில் பாடுபவர் யார், கேட்பவர் யார் என்று பிரிக்க முடியாது. எல்லோருக்கும் கால் நகர்கிறது. பகிர்ந்துகொள்ள அங்கே இரண்டாவது ஆள் மிஞ்சுவதில்லை. ஆகவே அது நமது எல்லைக்கு அப்பாற்பட்டது, தரத்தால் மேற்பட்டது.

தறிக்குடோனைச் சொல்லாமல் விட்டால் சோமனூர், பல்லடத்தார் மன்னிக்க மாட்டார்கள். விசைத்தறி ஓடும் குடோனில் சத்தம் 90 டெசிபலைத் தாண்டும். அதற்குள்ளும் ஒரு ஸ்பீக்கர் பாடிக்கொண்டுதான் இருக்கிறது. என்ன பாட்டு என்று அறிய ஒரே வழி, நூல் அறுந்து ஒரு தறி நிற்க வேண்டும். நின்றால் ஒரு வரி துலங்கும். முடிச்சுப் போட்டு மறுபடி ஓட்டியதும் வரி மறையும். இப்படி விட்டுவிட்டுக் கேட்டே முழுப் பாட்டையும் மனத்துக்குள் நெய்து வைத்திருப்பவர்கள் அங்கே உண்டு. பாட்டைத் தறி மறைக்கிறதே, எதற்கு வைக்கிறீர்கள் என்று கேட்ட ஆய்வாளருக்குக் கிடைத்த மறுமொழி: “பாட்டு இல்லீன்னா தறிச் சத்தம் நெம்பக் கேக்குதுங்.”

இனி டவுன் பஸ். இதில்தான் ஆய்வாளர் கொஞ்சம் நின்று பேச விரும்புகிறார். 1920இல் ஜி.டி. நாயுடு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒற்றை பஸ்ஸை விட்டுத் தொடங்கிய தனியார் பஸ் தொழில், கோவையில் பிற்பாடு சக்கரம் வைத்த இசையரங்கமாக மலர்ந்தது. காந்திபுரத்தில் இரண்டு பஸ்கள் ஒரே ஊருக்கு நிற்கின்றன என்றால், பாட்டைக் கேட்டுவிட்டு ஏறும் ஆட்களைப் பார்க்கலாம். டிரைவர் சீட்டுக்கு மேலே கேசட் பிளேயர் இருந்த இடத்தில் இன்று பென் டிரைவ் தொங்குகிறது. உள்ளே இருப்பது பெரும்பாலும் இளையராஜா. அவருடைய முதல் படமான ‘அன்னக்கிளி’ 1976இல் வந்தது. அது படமானது பவானிசாகருக்கு அப்பால், மாயாற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் தெங்குமரஹாடாவில். ஆகவே ராஜா புறப்பட்டது எங்கள் பக்கத்து மலையடிவாரத்திலிருந்துதான் என்று தாராளமாக வாதிடலாம். பாட்டுகள் பதிவானது சென்னையில் என்பதை இந்த இடத்தில் அழுத்திச் சொல்லத் தேவையில்லை.

பஸ்ஸின் பாட்டுக்குப் பொழுது உண்டு. தொல்காப்பியர் சிறுபொழுது வகுத்தது இதற்குத்தானோ என்று ஐயுறும் அளவுக்கு உண்டு. வெடியால முதல் நடைக்கு முருகன். பீளமேட்டுப் பக்கம் கல்லூரிப் பிள்ளைகள் ஏறும் நேரத்தில் வேகப் பாட்டு. மத்தியானம் பாதி சீட்டு காலியாக இருக்கும் நடையில் சோகப் பாட்டு. அது பயணிகளுக்காக அன்று, டிரைவரின் சொந்த உபயோகத்துக்கு. கடைசி நடையில் எஸ்.பி.பி., ஜானகி, ஜேசுதாஸ். ஒருநாள் இருகூர்ப் பக்கம் போன பஸ்ஸில், ஸ்டாப்பிங் வந்தும் எழாமல் உட்கார்ந்திருந்தார் ஒரு மூதாட்டி. “ஏனுங் ஆத்தா, எறங்கலீங்களா? உங்க ஊரு போயிருச்சுங்க” என்றார் கண்டக்டர். “இந்தப் பாட்டு முடியட்டும்னு இருந்தேன் சாமி. அக்கட்ட எறக்கி உடு, நான் நடந்து வந்துக்கறேன்” என்றார் ஆத்தா. செவிப்பகிர்வு வெற்றி பெற்றதற்கு இதனினும் சிறந்த சான்று ஆய்வாளருக்குக் கிடைக்கவில்லை.

அடுத்தது ரிக்கார்டிங் சென்டர். 1980களில் கோவையிலும் சுற்றூர்களிலும் தெருவுக்குத் தெரு இருந்த இக்கடைகளில், நோட்டிலிருந்து கிழித்த தாளில் பாட்டுப் பட்டியலை எழுதி ஒரு டிடிகே கேசட்டோடு கொடுத்தால் பதிந்து தருவார்கள். சட்டம் இதைப் பற்றி என்ன சொல்லும் என்பதை இக்கட்டுரை ஆராயாது. அந்தத் தாள் ஒரு வாக்குமூலம். கடைக்காரர் அதைப் படிக்கும்போது எதிரில் நிற்பது பத்தாம் வகுப்பு ரிசல்ட்டுக்கு நிற்பதைவிடக் கடினம். “ரெண்டாவதுக்கப்பறம் இந்தப் பாட்டு ஒட்டாதுங்களே” என்பார். சொன்னது சரியாகவும் இருக்கும்.

பட்டியலின் குற்றங்களை மதிப்பிட நன்னூலே போதும். அதை இயற்றிய பவணந்தியாரைப் பெருந்துறைக்குப் பக்கத்துச் சீனாபுரத்துக்காரர் என்று கொங்கு நாட்டார் உரிமை கொண்டாடுவதும் உண்டு. நூலுக்கு அவர் சொன்ன குற்றம் பத்தும் கேசட்டுக்குப் பொருந்துகின்றன. ஒரே பாட்டை இரண்டு பக்கமும் பதிவது கூறியது கூறல். பக்திப் பாட்டு நடுவே கிளப் டான்ஸ் பாட்டு வருவது மயங்க வைத்தல். பாட்டின் பெயரைக் கேட்டால் அந்தப் படம் பார்த்த தியேட்டர், உடன் வந்த மச்சான், இடைவேளையில் தின்ற பப்ஸ் என்று விரிப்பது மற்றொன்று விரித்தல். எல்லாவற்றிலும் சிறப்பு, சென்று தேய்ந்து இறுதல். 60 நிமிடக் கேசட்டில் ஒரு பக்கம் 30 நிமிடம். நாலரை நிமிடப் பாட்டு ஆறு ஏறினால் 27. மீதி மூன்று நிமிடத்தை வீணாக்க மனமில்லாத கடைக்காரர் ஏழாவது பாட்டைத் தொடங்கி வைப்பார். இரண்டாவது சரணத்தின் நடுவில் டப் என்று நின்றுவிடும். அந்தத் தலைமுறையில் பலருக்குச் சில பாட்டுகள் இன்றும் அந்த இடத்தோடு முடிகின்றன. முழுப் பாட்டைக் கேட்டால், யாரோ பின்னால் சேர்த்துவிட்டார்கள் என்று சந்தேகப்படுகிறார்கள்.

இதுவரை சொன்ன எதிலும் பொய்க்கு இடமில்லை என்பதை வாசகர் கவனித்திருப்பார். கேடு காதுக்குள் சொருகும் கருவியோடு வந்தது. 1979இல் சோனி வெளியிட்ட முதல் வாக்மேனில் ஹெட்போன் சொருக இரண்டு துளைகள் இருந்தன. ஒருவர் மட்டும் தனியே கேட்பது மரியாதைக் குறைவு என்று அந்நிறுவனத்தின் அகியோ மொரிட்டாவுக்குப் பட்டதாம். மொரிட்டா உக்கடத்தில் பஸ் ஏறியவர் அல்லர். ஆயினும் இந்த ஒரு விஷயத்தில் அவர் நம் கட்சி. உலகம் அவர் பேச்சைக் கேட்கவில்லை. இரண்டாவது துளை பின்னால் வந்த வாக்மேன்களில் மறைந்தது, பிறகு ஒயரே மறைந்தது.

பாட்டு வெளியே கேட்காமல் போனதும், ‘என்ன பாட்டு கேக்கறே?’ என்ற கேள்வி கொங்கு நாட்டில் முதன்முறையாகப் பிறந்தது. கேள்வி பிறந்ததும் பொய்யும் பிறந்தது. ‘சும்மா, பழைய பாட்டுங்க’ என்பது மழுப்பல். ‘இன்ஸ்ட்ருமென்டலுங்க’ என்பது தற்காப்பு. ‘உங்களுக்குத் தெரியாதுங்க’ என்பதில் மட்டும் கோவை லொள்ளு கொஞ்சம் மிஞ்சியிருக்கிறது. வாட்ஸாப் ஸ்டேட்டஸில் வைக்கப்படும் பாட்டு அஞ்சலட்டையின் மறுபிறவி. அதையும் ஒரு குறிப்பிட்ட ஆள் பார்த்தாரா என்பதே கணக்கு. ஆனால் அஞ்சலட்டை போட்டவர் தாம் விரும்பிய பாட்டைத்தான் எழுதினார். ஸ்டேட்டஸில் ஹான்ஸ் சிம்மரை வைத்துவிட்டுக் காதில் தேவாவை ஓடவிடுகிறவர்களை என்ன சொல்வது? தேவாவைக் கேட்பதில் ஒரு குறையும் இல்லை, மறைப்பதுதான் குறை. ஸ்பாட்டிஃபை 2016 முதல் ஆண்டுக் கடைசியில் அவரவர் கேட்டதைத் தொகுத்துக் கையில் கொடுத்துவிடுகிறது. அந்த நாட்களில் சிலர் அறிக்கையைப் பகிராமல் மௌனம் காப்பதை ஆய்வாளர் கூர்ந்து நோக்கி வருகிறார்.

மறைத்த உண்மையை வெளிக்கொணரும் கருவி இன்று ஒன்றே ஒன்று: மாமாவின் காரில் இருக்கும் ப்ளூடூத். முன்பொரு முறை இணைத்த போனை அது மறப்பதில்லை. கோல்ட்வின்ஸிலிருந்து உப்பிலிபாளையம் வரை 10.1 கிலோமீட்டர் நீளும் அவிநாசி ரோட்டு மேம்பாலத்துக்கு ஜி.டி. நாயுடு பெயரையே வைத்திருக்கிறார்கள். அதன்மேல் போகும்போது வண்டியை ஓரங்கட்டவும் முடியாது. ‘நான் வெஸ்டர்ன் க்ளாஸிக்கல் மட்டுந்தானுங் மாமா’ என்று முந்தின நாள்தான் சொல்லியிருந்த இளைஞர் முன்சீட்டில் உட்கார்ந்திருந்தார். மேம்பாலம் ஏறியதும் அவர் போன் தானாகவே இணைந்து, விட்ட இடத்திலிருந்து தேவா தொடங்கினார். இளைஞர் போனைத் துழாவி நிறுத்தப் போனார்.

“எதுக்குத் தம்பி நிறுத்தறே? இதச் சொல்றதுக்கு என்ன? நான் உங்கொத்தையக் கட்டறப்ப ஓடுன பாட்டு. கூட்டி வையி” என்றார் மாமா.

ஹோப் காலேஜ் தாண்டுவதற்குள் மாமா பாடவே தொடங்கிவிட்டார். அவருடைய சுருதி தனி ஆய்வுக்குரியது.