பொதுக் கோப்புறைப் பிணியியல்: வால்பாறை மலைப்பாதையை முன்வைத்து ஓர் ஆய்வு

பாயிரம்

சிறப்புப் பாயிரத்தில் எட்டுச் செய்திகள் இருக்க வேண்டும் என்பது நன்னூல் விதி. இவ்வாய்வு அவ்விதிக்குக் கட்டுப்பட்டது. நுதலிய பொருள்: ஒரே பப்ளிக் ஃபோல்டர் இரண்டு மின்னஞ்சல் சர்வர்களில் இருக்கும்போது, ஒன்றில் நிறைந்தும் மற்றதில் குறைந்தும் காணப்படுவதன் காரணம். வழி: மைக்ரோசாஃப்ட் எக்ஸ்சேஞ்ச், 1996-இல் வந்த 4.0 முதல் 2010 வரையான பதிப்புகள். எல்லை: வடக்கே ஆழியாறு, தெற்கே மளுக்கப்பாறை. யாப்பு: உரைநடை, புலம்பல் இடையிடையே விரவி வரும். நூற்பெயர் மேலே உள்ளது. கேட்போர்: சிஸ்டம் அட்மின்கள், ஹெட்போனைக் கழற்றினால். ஆக்கியோன் பெயர் மறைக்கப்பட்டுள்ளது; தெரிந்தால் ரிப்பேருக்குக் கூப்பிட்டுவிடுவார்கள். பயன் பின்னர்க் கூறப்படும். காலம், களம், காரணம் என மூன்றைச் சேர்த்துப் பதினொன்று என்பாரும் உளர். அவர்கள் பொருட்டு: காலம் தென்மேற்குப் பருவமழை, களம் வால்பாறை, காரணம் நேற்றைய லீவு லிஸ்ட்.

பிணியின் இலக்கணம்

ஒரு தேயிலைக் கம்பெனியை எடுத்துக்கொள்க. தலைமை அலுவலகம் கோவையில், எஸ்டேட் அலுவலகம் வால்பாறையில், இடத்துக்கொரு சர்வர். மழைக்காலத்தில் மலையிலிருந்து கீழே போகும் லைன் எப்போது நிற்கும் என்று யாரும் சொல்ல முடியாது. இந்தியாவில் மழை மிகுதியாகக் கொட்டும் இடங்களுள் ஒன்றான சின்னக்கல்லாறு பக்கத்திலேயே இருக்கிறது. ஆகவே பச்சை இலை வரவு, விடுப்புப் பட்டியல், சர்க்குலர் எல்லாம் அடங்கிய பொது ஃபோல்டருக்கு மேலே ஒரு நகல், கீழே ஒரு நகல். இரண்டிலும் எழுதலாம். ஒன்றில் எழுதியது மற்றதற்குத் தானே போய்ச் சேரும்.

சேராத அன்று நடக்கும் உரையாடல் கொங்கு வழக்கில் பெரும்பாலும் இப்படி அமையும்:

"ஏனுங்க, லீவு லிஸ்ட் ஃபோல்டர்ல போட்டீங்களா?"

"நேத்து சாயங்காலமே போட்டுட்டனுங்க சார்."

"இங்க ஒண்ணையும் காணமுங்களே."

"எனக்கு இங்க கண்ணு முன்னாடியே இருக்குதுங்க."

"செரி, ஒருக்கா மெயில்ல அனுப்பி உடுங்க."

இருவருமே பொய் சொல்லவில்லை. அவரவர் பார்ப்பது அவரவர் ஊர் நகலை. எந்த நகல் காட்டப்படுகிறது, அது எந்த நேரத்து நிலவரம் என்று அவுட்லுக் திரையில் எங்கும் எழுதியிருக்காது. பழைய நகலும் புதிய நகலும் ஒரே பெயரோடு, ஒரே மஞ்சள் ஃபோல்டர் படத்தோடு நிற்கும். இருவரும் மெய் பேசியும் பட்டியல் மட்டும் காணாமற்போவது இப்பிணியின் இலக்கணம் என்க.

பொய்க் காரணங்கள்

முதல் பழி மூவர்மேல் விழுவது வழக்கம். ஒன்று, சிங்கவால் குரங்கு. புதுத்தோட்டம் பகுதியில் அவை சாலையோரத்திலும் கூரைமேலும் நடமாடுவதை ஊரே அறியும். கேபிளில் கைவைத்திருக்கும் என்று எண்ணுவது இயல்பு. அற்றன்று. கேபிள் அறுந்தால் மெயிலும் நிற்கும், எல்லாருக்கும் தெரிந்துவிடும். இங்கோ மெயில் ஓடுகிறது, ஃபோல்டர் மட்டும் நிற்கிறது. இரண்டு, மழை. மழைக்கும் இதே விடை. மூன்று, எஸ்டேட் கிளார்க். அவர் நேற்றுச் சாயங்காலமே போட்டுவிட்டார்.

மூவரும் விடுவிக்கப்படுகிறார்கள்.

நகல் நடக்கும் விதம்

"மெயில்ல அனுப்பி உடுங்க" என்ற தலைமை அலுவலகத்தார், தம்மை அறியாமல் இத்துறையின் முதல் உண்மையைச் சொல்லிவிட்டார். எக்ஸ்சேஞ்ச் சர்வர்களும் அதையேதான் செய்கின்றன. ஒரு ஃபோல்டரில் ஏற்பட்ட மாற்றத்தை ஒரு சர்வர் மற்றொரு சர்வருக்கு மின்னஞ்சலாகவே அனுப்புகிறது. மனிதர் கண்ணில் படாத மெயில்; ஆயினும் அது போகும் பாதை மெயிலின் பாதைதான். எனவே மெயிலுக்கு வரும் நோயெல்லாம் இதற்கும் வரும். ஸ்பேம் வடிகட்டி பிடித்து வைக்கலாம், அளவு மீறியதென்று வழியில் தள்ளுபடியாகலாம், பெறுபவர் முகவரி தெரியவில்லை என்று திரும்பலாம்.

உள்ளடக்கத்துக்கு வழக்கமான இடைவெளி 15 நிமிடம். கிளார்க் போட்ட பட்டியல் ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் கோவையில் இருக்க வேண்டும். அப்படி அனுப்பிய மெயில் ஒன்று தொலைந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். தொலைந்தது என்று கோவை சர்வருக்கு எப்படித் தெரியும்? வராத ஒன்று வரவில்லை என்பதை எதைக் கொண்டு அறிவது? இவ்வாய்வின் நடுக் கேள்வி இது.

விடை ஆழியாற்றுக்கு மேலே, சாலையோரத்தில் மஞ்சள் பலகையாக நட்டு வைக்கப்பட்டிருக்கிறது. பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை 64 கிலோமீட்டர். மலையேற்றத்தில் கொண்டை ஊசி வளைவுகள் 40. ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு. ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் வியூ: ஆழியாறு அணை கீழே தெரியும், சமயத்தில் வரையாடும் நிற்கும். ஒன்பதைப் பார்த்துவிட்டுக் கண்ணயர்ந்த பஸ் பயணி, விழித்ததும் 12 என்ற பலகையைக் கண்டால் தாம் தவறவிட்டவை பத்தும் பதினொன்றும் என்று உடனே அறிவார். வளைவுகளுக்கு எண் இல்லாதிருந்தால் அவர் தூங்கியதற்குச் சாட்சியே இராது.

எக்ஸ்சேஞ்சும் இதே முறையில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் எண் கொடுக்கிறது. தன்னிடம் எந்தெந்த எண்கள் சேர்ந்தன என்று ஒவ்வொரு நகலும் கணக்கு வைத்துக்கொள்கிறது. நடுவில் ஓர் எண் விடுபட்டது தெரிந்ததும் அதைக் குறித்துக்கொண்டு காத்திருக்கிறது. காத்திருந்தும் வராவிட்டால் "விடுபட்டதை அனுப்புக" என்று கேட்கிறது. இக்கேள்விக்குத் துறையார் வைத்த பெயர் பேக்ஃபில்.

எவ்வளவு நேரம் காத்திருக்கும்? ஒரே தளத்துக்குள் 6 மணி நேரம், கோவையும் வால்பாறையும் போல வெவ்வேறு தளங்களுக்கிடையே 12 மணி நேரம். தளங்களுக்கிடையே அப்போதும் விடை வராவிட்டால் அடுத்த முறை 24 மணி, அதன்பின் 48 மணி. அந்த முதல் 12 மணி நேரத்தில் லீவு லிஸ்ட்டைக் காகிதத்தில் அச்சிட்டுப் பொள்ளாச்சி பஸ்ஸில் கொடுத்தனுப்பி, கோவையில் வாங்கிப் படித்து, கையெழுத்துப் போட்டு, மறுபடி மலையேற்றிவிடலாம். தேயிலைத் தோட்டங்களில் தபால் பை சுமந்து நடந்தவர்களின் காலத்தோடு ஒப்பிட்டு இது முன்னேற்றமா என்று கேட்பது இவ்வாய்வின் எல்லைக்குப் புறம்பானது.

நோய் காணும் முறை

மருத்துவம் எளிது. கடைப்பிடிப்பவர் அரிது. இரண்டு சர்வர்களிலும் நகலாக்கத்தின் வரவு, போக்கு இரண்டுக்குமான லாக் அளவை உச்சத்தில் வைக்க வேண்டும். அப்போது ஈவென்ட் வியூவரில் ஒவ்வொரு மெயிலும் தன் வகை எண்ணோடு தெரியும். வகை 2 என்றால் ஃபோல்டர்களின் மர அமைப்பு பற்றியது. 4 என்றால் உள்ளடக்கம். 8 என்றால் விடுபட்டதைக் கேட்கும் பேக்ஃபில் கோரிக்கை. 10 என்றால் நிலவரம். கேட்டதற்கு விடையாக வரும் உள்ளடக்கத்துக்கு எண் 80000004.

இனி நிதானமாகப் படிக்க வேண்டும். வால்பாறை சர்வரிலிருந்து வகை 4 புறப்படவே இல்லை என்றால் நோய் மேலே. புறப்பட்டும் கோவை லாக்கில் வரவு இல்லை என்றால் நோய் வழியில். மெசேஜ் டிராக்கிங்கில் அது எந்த இடத்தோடு நின்றது என்று பார்க்கலாம். கோவையிலிருந்து 8 மீண்டும் மீண்டும் போகிறது, 80000004 மட்டும் வருவதில்லை என்றால், கேட்பவர் நலமாக இருக்கிறார். பதில் சொல்ல வேண்டியவரையோ பாதையையோ பார்க்க வேண்டும். நடைமுறையில் பலர் கேட்பவரையே பிடித்து மூன்று முறை ரீஸ்டார்ட் செய்கிறார்கள்.

நோய்களுள் ஒன்று அறிஞர்களின் தனிக் கவனத்துக்கு உரியது. கம்பெனி பழைய எக்ஸ்சேஞ்ச் 2003 சர்வரை முறைப்படி கழற்றிவிட்டு 2010-க்கு மாறுகிறது. பழைய சர்வரைத் தொகுத்து வைத்திருந்த நிர்வாகக் குழு (அட்மினிஸ்ட்ரேடிவ் குரூப்) மட்டும், கம்பெனியின் கணினிப் பதிவேடான ஆக்டிவ் டைரக்டரியில் தங்கிவிடுகிறது. அதற்குள் "சர்வர்ஸ்" என்றொரு பெட்டி. பெட்டிக்குள் ஒன்றும் இல்லை. புதிய சர்வரில் நகலாக்க மெயிலைக் கொண்டு சேர்க்கும் பகுதி அந்தப் பெட்டியைத் திறந்து, உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று தேடி, யாரும் இல்லாததால் தடுக்கி விழுகிறது. நகலாக்கம் நின்றுபோகிறது. மருந்து: அப்பதிவேட்டைத் திருத்தும் ஏடிஎஸ்ஐ எடிட் கருவியில் போய் அந்தக் காலிப் பெட்டியை மட்டும் அழித்துவிட வேண்டும், நிர்வாகக் குழுவைத் தொடக் கூடாது. பெட்டிக்குள் சர்வர் இருந்தால் தொல்லை இல்லை. பெட்டியே இல்லாவிட்டாலும் தொல்லை இல்லை. இருந்தும் இல்லாமலும் இருந்தால்தான் தொல்லை.

களச்சான்று: யானை

இதுவரை சொன்னதை இயந்திரத்துக்கு வெளியே சோதித்துப் பார்க்க வால்பாறையைவிடத் தகுந்த களம் இல்லை. சுமார் 220 சதுர கிலோமீட்டர் மேட்டுநிலம். தேயிலை, காப்பித் தோட்டங்கள், நடுநடுவே மழைக்காட்டுத் துண்டுகள், சுற்றிலும் காடு. யானைகள் இதன் வழியாகத்தான் போய்வருகின்றன. ரேஷன் கடை அரிசியும் அவற்றுக்குப் பரிச்சயம். இங்கு யானையால் நேர்ந்த உயிரிழப்புகளில் பல, எதிர்பாராமல் முகத்துக்கு முகம் சந்தித்ததால் நேர்ந்தவை. யானை எங்கே நிற்கிறது என்பது சிலருக்குத் தெரிந்திருந்தது. அவ்வழியே நடந்தவருக்குத் தெரியவில்லை. அதாவது, மலையின் பொது ஃபோல்டர் ஒரு நகலில் நிறைந்தும் மற்றதில் குறைந்தும் இருந்தது.

நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் ஆய்வாளர்கள் இதற்கு வழி கண்டார்கள். யானை இருக்கும் இடம் உள்ளூர் கேபிள் டிவியில் அடிவரியாக ஓடியது. 2011 முதல் எஸ்எம்எஸ். யானையைச் சுற்றி 2 கிலோமீட்டருக்குள் இருப்பவர்களுக்குச் செய்தி போயிற்று. படிக்கத் தெரியாதவர்களுக்குத் தமிழில் குரல் அழைப்பு. சாலையோரங்களில், அலைபேசி அழைப்பால் எரியும் சிவப்பு விளக்குகள். இப்பணிக்காக அவர்களுள் ஒருவரான எம். ஆனந்த குமாருக்கு 2015-இல் விட்லி விருது கிடைத்தது.

பிணியியல் நோக்கில் பார்த்தால் அடிவரி, எஸ்எம்எஸ், விளக்கு மூன்றும் மூன்று வகை. அடிவரி எல்லாருக்கும் ஓடும்; அந்நேரம் டிவி முன் இல்லாதவருக்கு அது நடந்ததே இல்லை. எஸ்எம்எஸ் வேண்டியவருக்கு மட்டும் போய் அவர் கையிலேயே தங்கும். விளக்கு செய்தியைச் சொல்வதில்லை, நிலவரத்தைக் காட்டுகிறது: எரிந்தால் உண்டு. ஆனால் யானை போனபின் அதை அணைப்பதும் ஒரு செய்தியே. எக்ஸ்சேஞ்சிலும் ஒன்றை அழித்தால் அந்த அழிப்பும் ஒரு மாற்றமாக மற்ற நகலுக்குப் போயாக வேண்டும். போகாவிட்டால் இங்கே அழிந்த லீவு லிஸ்ட் அங்கே உயிரோடு இருக்கும்.

இன்னொரு சிக்கல். ஒரே பதிவை இரண்டு நகலிலும் ஒரே நேரத்தில் இருவர் திருத்தினால் எக்ஸ்சேஞ்ச் எதையும் தானாக முடிவு செய்யாது. முரண்பாடு என்று குறித்து, ஃபோல்டருக்குப் பொறுப்பானவரிடம் தள்ளிவிடும். இரண்டு தோட்டங்களிலிருந்து இருவர் யானைக் கூட்டம் என்று தகவல் சொன்னால், கூட்டம் ஒன்றா இரண்டா என்று எந்த இயந்திரமும் சொல்லாது. வால்பாறையில் தகவல்கள் ஓரிடத்துக்கு வந்து, அங்கிருந்தே வெளியே போகும்படி அமைத்தார்கள். எழுதும் இடம் ஒன்று, படிக்கும் இடம் பல. மைக்ரோசாஃப்ட் இதே முடிவுக்கு எக்ஸ்சேஞ்ச் 2013-இல் வந்தது: எல்லா நகலிலும் எழுதலாம் என்ற பழைய ஏற்பாட்டைக் கைவிட்டு, மர அமைப்பை எழுதும் உரிமையை ஒரே அஞ்சற்பெட்டிக்குத் தந்தது. வால்பாறை 2011; மைக்ரோசாஃப்டின் தலைமையகமான ரெட்மண்ட், பதிப்பின் பெயர் 2013 ஆயினும், 2012. முன்னுரிமை யாருடையது என்பதை அறிவுலகம் பதிவு செய்துகொள்க.

இன்மை அறிக்கை

வளைவுப் பலகையில் ஒரு குறை இருப்பதாக எதிர்வழக்காடுவோர் கூறலாம். நடுவில் விடுபட்டதை எண் காட்டும், சரி. கடைசிச் செய்தியே தொலைந்தால்? அதற்குப் பின் எண்ணே வராது, இடைவெளியும் தெரியாது. மாற்றம் எதுவும் இல்லாத ஃபோல்டரும் கடைசி மாற்றம் தொலைந்த ஃபோல்டரும் பார்வைக்கு ஒன்றே.

பலகையை மீண்டும் படிக்குமாறு அவரைக் கேட்டுக்கொள்கிறோம். அதில் 9 என்று மட்டும் இல்லை, 9/40 என்று இருக்கிறது. கண்டது இத்தனை என்பதோடு, மொத்தம் இத்தனை என்பதையும் அது சொல்கிறது. எக்ஸ்சேஞ்சின் வகை 10 அதற்குத்தான்: "என்னிடம் இருக்கும் எண்கள் இவை" என்று ஒரு நகல் அவ்வப்போது மற்றதற்குச் சொல்லும். தாலுகா அலுவலகத்தார் இதைக் கணினிக்கு முன்பே கடைப்பிடித்தவர்கள். சொல்ல ஒன்றும் இல்லாத மாதத்திலும் "இன்மை அறிக்கை" போயாக வேண்டும். போகாவிட்டால் மெமோ வரும். இதை வீண் வேலை என்று எள்ளுவோர் பப்ளிக் ஃபோல்டர் நடத்திப் பார்த்ததில்லை.

அப்படியானால் வால்பாறையில் மாலைதோறும் "இன்று யானை இல்லை" என்று இன்மை அறிக்கை அனுப்பலாமா எனின், கூடாது. சர்வருக்குத் தன் பெட்டியில் இருப்பது முழுவதும் தெரியும். காட்டில் இருப்பது யாருக்கும் முழுவதும் தெரியாது. யாரும் பார்க்காத யானையும் யானையே. அனுப்பத் தக்கது "இந்த எண்ணிலிருந்து செய்தி வந்துகொண்டுதான் இருக்கிறது" என்பது மட்டும். அதையும் எத்தனை நாளுக்கு ஒருமுறை அனுப்பினால் மக்கள் படிப்பார்கள், எத்தனை முறைக்குமேல் படிக்காமலே தள்ளிவிடுவார்கள் என்பது மேலாய்வுக்கு உரியது.

பயன்

எக்ஸ்சேஞ்ச் 2010-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2020 அக்டோபர் 13 அன்று நிறுத்திவிட்டது. ஆகவே இவ்வாய்வின் நேரடிப் பயன் மிகக் குறைவு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். எனினும் பழைய சர்வரைக் கழற்ற மனமில்லாத கம்பெனிகளுக்காகச் சிகிச்சை வரிசை இங்கே தொகுக்கப்படுகிறது. அனுப்பியவர் லாக்கைப் பார்க்க. பெற்றவர் லாக்கைப் பார்க்க. நடுவழியை டிராக்கிங்கில் பார்க்க. காலிப் பெட்டி இருக்கிறதா என்று பார்க்க. எல்லாம் சரியாக இருந்தால் 12 மணி நேரம் சர்வரைத் தொடாதிருக்க. அவ்வளவு பொறுமை இல்லாதவர் லீவு லிஸ்ட்டை மெயிலிலேயே அனுப்பிவிடலாம். ஆனால் அதைக் கோவையில் பெற்றவர் உடனே ஃபோல்டரிலும் ஒரு பிரதி போட்டுவைக்கக் கூடாது. நின்றிருந்த நகலாக்கம் பின்னிரவில் விழித்துக்கொண்டால், காலையில் இரண்டு ஊரிலும் இரண்டு லீவு லிஸ்ட் இருக்கும். எது சரி என்று கேட்டு கிளார்க்குக்கு மறுபடியும் ஃபோன் வரும்.