முட்டுக்கட்டை

வா பேராண்டி, உக்காரு. "தாத்தா வண்டியச் சரி பண்ணலாம்னு லீவு போட்டு வந்தா, தெக்குத் தெருப் பெருசு முட்டுக்கட்டை போடுது"ன்னு உங்கம்மாகிட்டச் சொன்னியாமே? ரொம்பச் சரி. அந்த வண்டிக்கு நான் பதினோரு வருசம் முட்டுக்கட்டைதான் போட்டேன். சம்பளம் வாங்கிக்கிட்டுப் போட்டேன். அந்தக் கதைக்கு அப்புறம் வருவோம். நேத்து சாயங்காலம் ஒன் கொட்டகைப் பக்கமிருந்து டமார்னு ஒரு சத்தம் வந்து, கோயில் புறா அம்புட்டும் போடி மெட்டு வரைக்கும் பறந்துச்சே, அதச் சொல்லு மொதல்ல.

சொல்ல வேணாம், நானே சொல்றேன். பிளக் வயர ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலுன்னு வரிசையா மாட்டியிருப்ப. இஞ்சினியரிங் படிச்ச பிள்ளை, எண்ணத் தெரியும்ல! அந்த இஞ்சினுக்கு ஒன் கணக்குத் தெரியாது ராசா. அதுக்குத் தெரிஞ்சது ஒரே வாய்ப்பாடு: ஒண்ணு, மூணு, நாலு, ரெண்டு. ரேடியேட்டர் பக்கம் இருக்குறது ஒண்ணாம் நம்பர். என்னய அடிச்சு எழுப்பிக் கேட்டாலும் இதத்தான் சொல்வேன். ஏன்னா அண்ணன், அதான் ஒங்க தாத்தா, என்னய அடிச்சுத்தான் சொல்லிக் குடுத்தாரு. கார்புரேட்டர் வழியாத் தும்முச்சுன்னா முன்னால போய் எட்டிப் பார்க்காத. ஒங்க தாத்தாவுக்கு ஒருதரம் ரெண்டு புருவமும் கருகி, அப்பத்தா கண்மைய வாங்கி வரைஞ்சுக்கிட்டுச் சந்தைக்குப் போனாரு. ஒரு புருவம் கொஞ்சம் மேல ஏறிப்போச்சு. அன்னைக்கு யார் என்ன விலை சொன்னாலும் அவரு ஆச்சரியப்படுற மாதிரியே இருந்ததுல, வியாபாரம் நல்லாத்தான் நடந்துச்சு.

செல்லுல காட்டுனியே, அமெரிக்காவுல புரூக்ஸ் ஸ்டீவன்ஸ்னு ஒருத்தர் வரைஞ்ச எஃப்.சி. வண்டின்னு. இருக்கட்டும். வில்லிஸ் ஜீப்புக்காரன் 1956-ல கொண்டாந்தான், 1965-ல அங்க நிறுத்திட்டான். அதே வருசம் இங்க மகேந்திராவுல ஆரம்பிச்சாங்க. அங்க மூடு விழா, இங்க கும்பாபிஷேகம். எஃப்.சி.ன்னா ஃபார்வேர்டு கன்ட்ரோல். மூக்குன்னு ஒண்ணே கெடையாது, டிரைவர் முன்சக்கரத்து மேல ஏறி உக்காந்து ஓட்டணும். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவுல 81 அங்குலம், முழுசா ஏழடி கூட இல்ல. அதனாலதான் மெட்டுல பதினேழு கொண்டை ஊசி வளைவையும் ஒரே ஒடியில திரும்புச்சு. பெரிய லாரிக்காரன் முன்ன பின்ன எடுத்து மூச்சு வாங்குறப்ப, நாங்க ஓரமா நுழைஞ்சு ஏலக்கா மூட்டையோட எறங்கிப் போயிருவோம்.

ஆனா இஞ்சின் இருந்தது எங்க? டிரைவருக்கும் கிளீனருக்கும் நடுவுல, ஒரு தகர மூடிக்கு அடியில. அந்த மூடி மேலதான் அண்ணன் சோத்துத் தூக்க வைப்பாரு, மேல போய்ச் சேர்றப்ப சுடச்சுட இருக்கும். பக்கத்துல இருந்தது என் வலது தொடை. அதுவும் வெந்துதான் இருக்கும். இன்னைக்கு வரைக்கும் அதுல ஒத்த மயிரு கெடையாது. நம்பலைன்னா வேட்டியத் தூக்கிக் காட்டுறேன்.

சரி, வேணாம்.

அந்த இஞ்சின் ஒரு தினுசு. ரெண்டேகால் லிட்டருக்குக் கொஞ்சம் கம்மி. காத்து உள்ள போற வால்வு ஹெட்டுல, புகை வெளிய போற வால்வு பிளாக்குல. மேல பாதி புதுசு, கீழ பாதி பழசு, ஒன்ன மாதிரியேன்னு வையி. எத்தன வருசம் சும்மா கெடந்துச்சு? பன்னெண்டா? அப்ப வந்தன்னைக்கே புது பேட்டரி மாட்டி செல்ஃப் அடிச்சிருக்கக் கூடாது. பன்னெண்டு வருசம் படுத்துக் கெடந்தவனத் தட்டி எழுப்பி ஓட்டப் பந்தயத்துக்கு விடுவியா? பிளக்க நாலையும் கழட்டு, துவாரத்துல டீசலும் எண்ணெயும் கலந்து ஊத்து, ஒரு வாரம் ஊற விடு. அப்புறம் முன்னால ஹேண்டிலப் போட்டு, பைய, கால் சுத்து, அரைச் சுத்து. இறுகியிருந்தா இன்னொரு வாரம். பிஸ்டனும் ரிங்கும் ஒட்டிக்கிட்டுக் கெடக்கும். அது புருசன் பொண்டாட்டிச் சண்டை மாதிரி, மூணாவது ஆளு வேகம் காட்டினா ஒடிஞ்சு போகும்.

பெட்ரோல் டேங்க்க என்ன பண்ணின? பத்தவைக்கக் குடுத்தியா? அட பாவி மகனே! வெல்டிங் பட்டறையில அந்தப் பையன் தலையில எழுத்து நல்லாருந்துச்சு, அவன் வாங்கல. காலி டேங்குதான் நெறைஞ்ச டேங்க்க விட மோசம்டா, உள்ள ஆவி நிக்கும். உள்ள ஒரு கொத்துச் சங்கிலியப் போட்டு, ரெண்டு பேரு ஆளுக்கொரு பக்கம் புடிச்சுத் தாலாட்டுங்க, துரு வந்துரும். ஓட்டைய அடைக்கணும்னா தெரிஞ்சவன்கிட்டக் குடு. கழுவிக் கழுவி, அப்புறம் தண்ணிய நெறப்பி வச்சுக்கிட்டுத்தான் அவன் தொடுவான்.

இன்னொண்ணு. நம்ம காலத்துல டிரைவர்தான் தண்ணி போடுவான், இப்ப பெட்ரோலே தண்ணி போட்டுட்டு வருது. நூத்துக்கு 20 பங்கு எத்தனால், அதாவது கரும்புச் சாராயத்து வம்சம். அந்தக் காலத்து ரப்பரும் கார்க்கும் கள்ளுக்கடைப் பக்கமே போகாத சாதுக. ஒரே வருசத்துல ஊறி, கொழகொழத்து, அங்கங்க ஒழுக ஆரம்பிச்சிரும். பெட்ரோல் ஹோஸு, பம்பு டயாப்ரம், கார்புரேட்டர் பேக்கிங் எல்லாத்தையும் இந்தக் காலத்துச் சரக்கத் தாங்குறதா மாத்து. இஞ்சின் சூட்டுக்குப் பக்கத்துல பெட்ரோல் ஒழுகினா என்ன ஆகும்னு நான் சொல்ல வேண்டியதில்ல. அந்த இஞ்சின் ஒன் தொடைக்குப் பக்கத்துலதான் இருக்கு.

பாயிண்ட் இடைவெளி 20 தௌ, அதாவது ஒரு இஞ்சுல ஆயிரத்துல 20 பங்கு. ஃபீலர் கேஜ் இருந்தா வச்சுப் பாரு. அண்ணன்கிட்ட அது கெடையாது. பீடிக் கட்டுத் தாள மடிச்சு வைப்பாரு. எத்தன மடிப்புன்னு என்கிட்டக் கூடச் சொன்னதில்ல. பட்டறை ரகசியமாம்!

இப்ப அந்தப் பெயிண்டு விசயம். வண்டி நவுர்றதுக்கு முந்தியே பெயிண்டு அடிச்ச ஆள ஒன்னயத்தான் பார்க்குறேன். பொண்ணு யாருன்னே தெரியாது, பந்தல் போட்டாச்சு, மைக்செட்டும் வந்தாச்சு. அதுவும் என்ன நீலம்! மயிலே பார்த்தா வெக்கப்படும். சரி அடிச்ச, அதுக்கப்புறம் மாஸ்டர் சிலிண்டரக் கழட்டி, பிரேக் ஆயிலக் கதவு மேல ஒழுக விட்டியாமே? தோசை மாதிரி உரிஞ்சு வந்திருக்கும். பிரேக் ஆயிலுக்கும் பெயிண்டுக்கும் ஆகவே ஆகாது, மாமியா மருமக. பட்டி வேற அரை இஞ்சு பூசியிருக்கானாம் டிங்கர். ஒரு காந்தத்த எடுத்துட்டுப் போயி கதவு நெடுக ஒட்டிப் பாரு. ஒட்டாத எடமெல்லாம் தகரம் இல்ல, பட்டி. இப்ப ஒன்கிட்ட இருக்குறது வண்டியா, கொலு பொம்மையா?

மொதல்ல நிறுத்தப் பாரு, அப்புறம் ஓட்டப் பாரு. ஒன் புதுக் கார்ல பிரேக்குக்கு ரெண்டு வழி, ஒண்ணு போனாலும் இன்னொண்ணு கை குடுக்கும். இதுல நாலு சக்கரத்துக்கும் ஒரே வழி. ஒரு ஹோஸ் பிஞ்சா, காலு கீழ போகும், வண்டியும் கீழ போகும், குரங்கணிப் பக்கம் பள்ளத்துல. அதனால நாலு வீல் சிலிண்டரையும் எறக்கு. உள்ள குழி விழுந்திருந்தா எம்ரித் தாளப் போட்டுத் தேச்சு சமாளிக்காத, தூக்கிப் போட்டுட்டுப் புதுசு போடு. ரப்பர் ஹோஸு வெளியில தளதளன்னு இருக்கும், உள்ள வீங்கி அடைச்சிருக்கும். அமுக்கினா ஆயில் போகும், விட்டா திரும்பி வராது. சக்கரம் புடிச்சபடியே சூடேறி நாறும். கடன் வாங்கின சொந்தக்காரன் மாதிரின்னு வச்சுக்கயேன். ஏர் எடுக்குறப்ப தூரத்துச் சக்கரத்துல ஆரம்பி.

ஆமா, இடது பக்கச் சக்கரத்து நட்டு மேல குழாயப் போட்டு ஏறி நின்னு குதிச்சியாமே? ஒரு போல்ட்டும் ஒடிஞ்சுச்சாமே? ஒங்கப்பன்கூட நின்னு வேடிக்கை பார்த்தானாம். அந்தப் பக்கம் எதிர்மரைடா! கழட்டுறதுன்னு நெனச்சு இறுக்கியிருக்க. நானும் மொத வாரம் குதிச்சவன்தான், அதனால ரொம்பச் சிரிக்க மாட்டேன். கொஞ்சம் சிரிச்சுக்கிறேன்.

சாமான் எங்க கெடைக்கும்னு கேட்ட. பாதி இங்கனயே ஜீப்புப் பட்டறைகள்ல கெடைக்கும். ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏத்திட்டுப் போற ஜீப்பு நெறைஞ்ச சீமை இது. மிச்சத்துக்கு மெட்ராஸ் புதுப்பேட்டை போகணும். போனா பேரச் சொல்லிக் கேக்காத, பழசக் கையிலயே கொண்டு போ. வாயால கேட்டா எல்லாக் கடையிலயும் 'இருக்கு'ம்பான், உருவத்தக் காட்டினாத்தான் உண்மை வெளிய வரும். சட்டை கசங்கினதாப் போடு. ஒன் கையில கட்டியிருக்கியே அந்தக் கடிகாரம், அதக் கழட்டி வச்சுட்டுப் போ. இல்லைன்னா ஒவ்வொரு நட்டுக்கும் அதையும் சேர்த்து விலை போடுவான்.

காகிதம் எல்லாம் சரியா இருக்கா? அதானே பார்த்தேன். வண்டிச் சொந்தக்காரரு செத்தா முப்பது நாளுக்குள்ள ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல தகவல் சொல்லணும், மூணு மாசத்துக்குள்ள 31-ஆம் நம்பர் ஃபாரத்துல பேர் மாத்தணும். அண்ணன் போயி அஞ்சு வருசமாச்சு. இப்ப வாரிசுச் சான்று, ஒங்க அத்தைமாரு கையெழுத்துன்னு கெளம்பணும். இத்தன வருசமா அந்த வண்டி மேல கோழி முட்டை போட்டப்ப ஒருத்தியும் எட்டிப் பார்க்கல. நீ கையெழுத்துன்னு ஆரம்பிச்சுப் பாரு, அப்பத்தான் எல்லாருக்கும் அப்பா ஞாபகம் வரும், கண்ணுல தண்ணி வரும், பங்கும் வரும். அதுக்கப்புறம் எஃப்.சி.க்கு எஃப்.சி. எடுக்கணும். பழைய சரக்கு வண்டின்னா வருசா வருசம்.

50 வருசம் தாண்டின வண்டிக்கு வின்டேஜுன்னு 2021-ல ஒரு விதி போட்டிருக்காங்கன்னு சொன்ன. இருபதாயிரம் கட்டினா நம்பர் பலகையில வி.ஏ.ன்னு போட்டுத் தருவாங்க, பத்து வருசத்துக்கு ஆச்சு. ஆனா கூலிக்கு ஓட்டாத வண்டியா இருக்கணும், ஊர்வலம் கண்காட்சின்னு கொண்டு போகலாமே தவிர, தினசரி ரோட்டுல எடுக்கக் கூடாது. அதவிட, பொறந்த உருவம் மாறாம இருக்கணுமாம். இதக் கேட்டுட்டு நான் ரெண்டு நாளு தனியாச் சிரிச்சேன். ஒங்க தாத்தா பின்பெட்டிய ஒரு அடி நீட்டி, மேல கம்பி கட்டி, ரெண்டு மூட்டை அதிகமா ஏத்தினதுல ஒங்கப்பன் காலேஜு ஃபீஸே வந்துச்சு. பொறந்த உருவமாம்!

இங்கதான் ஒண்ணு சொல்லணும். அண்ணன் கை வச்ச எடத்த எல்லாம் குப்பைன்னு நெனச்சுப் பிச்சுப் போடாத. ஆக்சிலேட்டருக்குக் கீழ ஒரு சைக்கிள் டியூப் துண்டு சுத்தியிருக்கும், மழையில செருப்பு வழுக்காம இருக்க. கதவுல ஒரு ஆணி இருக்கும், அதுல எலுமிச்சம்பழம் தொங்கும்னு நெனப்ப, இல்ல, என் துண்டு. எதுக்குன்னு தெரியாத சாமான் அந்த வண்டியில இருந்தா, ஏன்னு கேட்டுட்டுக் கழட்டு. கேக்கத்தான் நான் ஒருத்தன் மிச்சம் இருக்கேன்ல.

கிளீனர் சீட்டுக்கு அடியில ஒரு புளியங்கட்டை கெடந்துச்சே, ஆப்பு மாதிரி ஒரு பக்கம் சரிஞ்சு, ஓரம் தேஞ்சு, கயிறு கட்டி? என்ன பண்ணின?

வெந்நி அடுப்புலயா!

அதாண்டா அந்த வண்டியோட ஹேண்ட் பிரேக்கு. கம்பெனி வச்ச ஹேண்ட் பிரேக்கு சக்கரத்தப் புடிக்காது, கியர் பெட்டிக்குப் பின்னால சுத்துற ஷாஃப்டத்தான் புடிக்கும். பக்கத்துலயே ஆயில் சீல் ஒழுகும், லைனர்ல எண்ணெய் ஏறும், அப்புறம் அது புடிச்ச மாதிரி நடிக்கும். மெட்டுல பாரத்தோட ஏறுறப்ப மூச்சு முட்டி நின்னுச்சுன்னா, மொத கியர் வண்டி நின்னாத்தான் விழும். அண்ணன் கியர் மாத்துற அந்த ஒரு நிமிசம், வண்டி பின்னால உருளாம இருக்கணும்ல? "டேய், கட்டை!"ன்னு ஒரு சத்தம். நான் குதிச்சு ஓடி பின்சக்கரத்துக்கு அடியில சொருகணும். வண்டி கெளம்பினதும் கயித்தப் புடிச்சுக் கட்டைய இழுத்துக்கிட்டே ஓடி ஏறணும். மழை, மூடுபனி, அட்டைக்கடி எல்லாத்துலயும். பதினோரு வருசம். எறங்குறப்ப அந்த வேலை இல்ல, ஏன்னா ஏறின கியர்லயேதான் எறங்குவாரு. டீசல், பெட்ரோல் மிச்சம்னு நியூட்ரல்ல விட்டவங்க சிலபேரு மெட்டுல இருந்து கீழ சீக்கிரமாத்தான் வந்து சேர்ந்தாங்க. ரோட்டு வழியா வரல.

அந்தப் பதினோரு வருசத்துல அண்ணன் ஒருநாளாவது ஸ்டேரிங்கத் தொட விட்டாரா? கேட்டா, "கட்டைய ஒழுங்காப் போடுடா, அதுதான்டா பெரிய வேலை"ம்பாரு. நானும் நம்பினேன். அவரு கொட்டகையில தூங்குறப்ப, நிக்கிற வண்டியில உக்காந்து வாயால ஹாரன் அடிச்சுக்கிட்டு, போடியில இருந்து பூப்பாறை வரைக்கும் எத்தன நடை போயிருக்கேன் தெரியுமா?

சரி, அந்தக் கட்டில் காலுகிட்டக் கெடக்குற சாக்க எடு. பிரி. ஆமா, புளிதான். வைரம் பாய்ஞ்சது. நீ அடுப்புல வச்ச அன்னைக்கு ராத்திரியே செதுக்க ஆரம்பிச்சுட்டேன், கயிறும் புதுசு. பிரேக்கச் சரி பண்ணு, ஹோஸ மாத்து, ஃபாரத்த எழுது. எல்லாம் ஆச்சுன்னா ஒரு வெள்ளிக்கிழமையாப் பார்த்து மெட்டுக்கு விடுவோம். கட்டைய நீ வச்சுக்க, குதிச்சு ஓட வயசு இருக்கு ஒனக்கு. இடது பக்க சீட்டு, இஞ்சின் மூடிகிட்ட. வலது தொடையக் கொஞ்சம் தள்ளி வச்சுக்க.

லைசன்ஸா? ஏன்டா, நான் சின்னப் பயலா இருந்தப்ப கட்டை போட லைசன்ஸ் இருக்கான்னு ஒங்க தாத்தா கேட்டாரா?