சட்டை கசங்காமல் காய்கறி: காலி மனைக்காரர்களுக்கு ஒரு கையேடு

அரியாங்குப்பத்தில் லோன் போட்டு மனை வாங்கிவிட்டு, வீடு கட்ட இன்னொரு லோனுக்குக் காத்திருப்பவர்களுக்காக எழுதப்பட்டது இது. மனை சும்மா கிடந்தால் வேலிக்காத்தான் முளைக்கும். இல்லாவிட்டால் யாராவது கட்டட இடிபாட்டைக் கொண்டுவந்து கொட்டுவார்கள். அதற்கு நாலு வெண்டைச் செடி மேல்.

மாசி மாதம் தோதானது. மண்ணில் மழை ஈரம் கொஞ்சம் மிச்சமிருக்கும், விடியலில் பனியும் இறங்கும். சித்திரை வெயில் ஏறுவதற்குள் ஒரு போகம் பார்த்துவிடலாம், அதுவும் குனியாமல்.

1. தோண்டாதீர்கள்

வேலை செய்யாமலிருக்க முதலில் ஒரு தத்துவம் வேண்டும். ஜப்பானியர் மசனோபு ஃபுகோகா 1975-ல் எழுதிய 'ஒற்றை வைக்கோல் புரட்சி' தமிழிலும் கிடைக்கிறது. உழாதே, உரம் போடாதே, களை பறிக்காதே, மருந்து அடிக்காதே. இந்த நாலையும் மனப்பாடம் செய்தால் போதும். மேலே படித்தால், அப்பாவின் ஆரஞ்சுத் தோப்பைக் கவாத்து செய்யாமல் விட்டதில் மரங்கள் பட்டுப்போன கதையையும் அவரே சொல்லியிருப்பது கண்ணில் படும். இயற்கை விவசாயம் வேறு, போட்டது போட்டபடி விடுவது வேறு என்கிறார். நமக்கு ஆகாத பக்கம் அது.

காக்காயன்தோப்பு பக்கம் மனை என்றால் தோண்டாமலிருக்க இன்னொரு காரணமும் உண்டு. பக்கத்து அரிக்கமேட்டில் 1945-ல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது ரோமானிய மதுச்சாடிகளின் ஓடுகள் வந்தன. உங்கள் கடப்பாரையிலும் அப்படி ஏதாவது தட்டுப்பட்டால் வெண்டையும் போச்சு, வீடும் போச்சு.

2. வேலிக்குச் செலவு செய்யாதீர்கள்

நொச்சி, ஆடாதொடைக் குச்சிகளை ஒடித்து வரிசையாக நட்டால் வேர் பிடித்துவிடும். ஆடு அதில் வாய் வைக்காது. ஆனால் குச்சி தழைத்து அடைக்கும்வரை இடைவெளியில் புகுந்து உள்ளே இருப்பதை மேயும். அதுவரை ஆட்டை விரட்ட எதிர்வீட்டுத் திண்ணையில் ஓர் ஆயா இருப்பது அவசியம். வில்லங்கச் சான்று பார்த்த கையோடு இதையும் பார்த்திருக்க வேண்டும்.

3. முருங்கை

சோம்பேறிகளின் குலதெய்வம். மணிக்கட்டுக் கனத்தில் மூன்று நான்கு அடிக் கொம்பை நட்டு, வெட்டுப்பட்ட நுனியில் ஒரு பிடி பசுஞ்சாணி அப்பிவிட்டு வந்தால் துளிர்த்துவிடும். தண்ணீர் தேங்காத மணல்சாரி மண் அதற்குப் பிடித்தமானது. பொறுமையில்லாதவர்களுக்குப் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி 1989-ல் வெளியிட்ட பி.கே.எம்.1 இருக்கிறது. விதை போட்ட ஆறு மாதத்தில் காய்க்கும். காய்ப்பு முடிந்ததும் வெட்டிவிட வேண்டும் என்பது மட்டும் குறை. மழைக்காலத்தில் அடிமரத்தில் கம்பளிப்பூச்சி அடையடையாக அப்பிக்கொள்ளும். அந்தச் சமயம் நீங்கள் ஊரில் இருக்கப்போவதில்லை என்று ஆயாவிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.

4. கீரை

அரைக்கீரையை ஒரு தடவை விதைத்தால் போதும், அறுக்க அறுக்கத் தழையும். விதை கடுகைவிடச் சின்னது, கறுப்பாக வழவழவென்று இருக்கும். அப்படியே தூவினால் விரலிடுக்கில் வழுக்கி மொத்தமும் ஒரே இடத்தில் விழும். மணலோடு கலந்து தூவுங்கள். தூவி முடித்து நிமிர்வதற்குள் எறும்பு சாரி கட்டி வந்து ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு போகும். கூடவே கொஞ்சம் நொய் தூவினால் அதைத் தூக்கும், விதை தப்பிக்கும். 25 நாளில் முதல் அறுப்பு. அதுவரை தினமும் பூவாளியால் தண்ணீர் தெளிக்க வேண்டும். கீரை தானாக வளரும், பூவாளி தானாக நடக்காது.

5. தண்ணீர்

கடல் பக்கம் போகப்போக போர்த் தண்ணீர் கரிக்கும். அரிசி களைந்த தண்ணீரும் பாத்திரம் அலம்பிய தண்ணீரும் போதும் என்று எல்லாத் தோட்டப் புத்தகமும் சொல்கிறது. காலி மனையில் அடுப்படி ஏது? அது ஆயா வீட்டில் இருக்கிறது. வாளியும் அங்கேதான் இருக்கிறது. பாகூர் பக்கம் சம்பா அறுத்த வைக்கோலை வாங்கிவந்து செடியடியில் கனமாகப் பரப்பினால் ஈரம் சீக்கிரம் காயாது. ஆயாவுக்கு ஒரு நடை மிச்சம்.

6. தானாக முளைப்பவை

மைனா எச்சத்தில் மணத்தக்காளி வரும். ஓரத்தில் மூக்கிரட்டை படரும், ஈரமான மூலையில் பொன்னாங்கண்ணி பிடிக்கும். இவற்றைக் களையென்று நினைத்துப் பிடுங்குவதுதான் காலி மனைக்காரர் செய்கிற ஒரே கடின உழைப்பு. "ஏம்பா, மணத்தக்காளியப் புடுங்கிப் போட்டுட்டு இன்னாத்த நடப் போற?" என்று திண்ணையிலிருந்து குரல் வரும். கடலூர் மாவட்டத்துப் பாலூர் ஆராய்ச்சி நிலையத்தின் கத்தரி ரகம் என்று பெருமையாகச் சொல்லலாம். சொல்லிவிட்டு மணத்தக்காளியை இருந்த இடத்தில் திரும்ப நட்டுவிடுங்கள்.

7. அறுவடை

மண்வெட்டியோடு நின்று போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். மண்வெட்டி ஆயாவுடையது, திருப்பிக் கொடுத்துவிடவும். கீரையில் முதல் கட்டு அவருக்கு, இரண்டாவது கட்டும் அவருக்கு. மூன்றாவதை அவராகக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளலாம்.

எதிர்வீட்டில் ஆயா இல்லாதவர்களுக்கு இந்தக் கையேட்டின் 2 முதல் 7 வரை, முருங்கை நீங்கலாக, பயன்படாது. அவர்கள் முருங்கைக் கொம்பு ஒன்றை நட்டுவிட்டு, பெரிய மார்க்கெட்டுக்குப் போய்க் கீரை வாங்கிக்கொள்வதே உத்தமம். விலை கேட்டதும் "இவ்ளோவா?" என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள். அந்தம்மா 25 நாள் பூவாளி தூக்கியதற்கும் சேர்த்துத்தான் அந்த விலை. உங்கள் சட்டை கசங்காததற்குக் கூலி தனியாகக் கேட்கவில்லையே.