ஃபிலிம்தாசர்

அவரிடம் போய், "அண்ணா, எங்களை ஒரு போட்டோ எடுங்க" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். எடுப்பார். அதற்கு முன்னால் ஃபிலிம் போடுவார்.

பெயர் ஃபிலிம்தாசர் என்று வைத்துக்கொள்வோம். நாற்பதை நெருங்கும் வயது. சம்பளம் கம்ப்யூட்டரில், சட்டைப்பையில் மூன்று லென்ஸ் வைத்த செல்போன், கழுத்தில் சோவியத் நாட்டு ஸோர்க்கி கேமரா. "1932-இல் ஜெர்மனியில் லைக்கா 2 வந்தது. ரஷ்யாவில் 1948 முதல் அதே அச்சில் இதைச் செய்தார்கள்" என்று ஆரம்பிப்பார். "அப்ப இது காப்பியா?" என்று கேட்டீர்களோ, முகம் சுண்டிவிடும். "தம்பி முறை" என்பார்.

போன மாதம் தங்கை மகளுக்கு முதல் பிறந்தநாள். கேக்கில் மெழுகுவத்தி ஏற்றியதும்தான் அவர் ஃபிலிமையே பிரித்தார். ஹோமத்துக்குச் சமித்து அடுக்குவதுபோல் ரோல், கத்தரிக்கோல், விசிட்டிங் கார்டு மூன்றையும் வரிசையாக வைத்தார்.

"முதுகைத் திறந்து போட வேண்டியதுதானே?" என்றார் மாப்பிள்ளை.

"இதுக்கு முதுகு திறக்காது, மாப்பிள்ளை. அடித்தட்டைத்தான் கழற்றணும்."

அந்த இடுக்குக்குள் ஃபிலிம் சிக்காமல் இறங்க, அதன் நாக்கைப் பத்து சென்டிமீட்டருக்கு ஒல்லியாக வெட்ட வேண்டும். கடை ஃபிலிமின் நாக்கு அவ்வளவு நீளம் வராது. வெட்டு ஓரத்துத் துளைமேல் விழுந்தால் உள்ளே போய்க் கிழியும். ஆகவே மூச்சைப் பிடித்துக்கொண்டு வெட்டினார். நாக்கின் நுனியை, ஃபிலிமைச் சுற்றிக்கொள்ளும் சுருளியில் செருகி, சுருளியையும் ரோலையும் ஒருசேர இறக்கினார். பாதி வழியில் நின்றது. விசிட்டிங் கார்டை லென்ஸுக்குப் பின்பக்கம் நுழைத்து, அதன்மேல் ஃபிலிமை வழுக்கவிட்டார். சீனியர் மேனேஜர் என்று அச்சடித்த அந்த அட்டைக்கு அவர் கண்ட ஒரே உபயோகம் இதுதான்.

"அண்ணா, மெழுகுவத்தி உருகுது!"

"இரும்மா, பல்சக்கரத்துல துளை மாட்டலை."

மாட்டியபோது மெழுகுவத்தி தானாகவே அணைந்திருந்தது. கேக் வெட்டிய படம் யாருடைய செல்போனிலிருந்தோ கிளம்பிச் சிங்கப்பூர் சித்தப்பா வரை போய்ச் சேர்ந்திருந்தது. "அதெல்லாம் ஒரு படமா?" என்றார் ஃபிலிம்தாசர்.

பிறகு மளமளவென்று எடுத்தார். முதல் சிலவற்றுக்கு லென்ஸ் மூடி கழற்றப்படவில்லை. இந்த மாதிரி ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவில் பார்க்கும் துவாரம் வேறு, லென்ஸ் வேறு. மூடி போட்டிருந்தாலும் உலகம் பளிச்சென்றுதான் தெரியும். பாட்டி சொல்லித்தான் கழற்றினார்.

ஃபிலிம் சரியாகச் சுற்றுகிறதா என்பதற்கு ஒரு சோதனை உண்டு. இந்தப் பக்கம் சுற்றும்போது அந்தப் பக்கத்து ரீவைண்டு குமிழும் கூடவே திரும்ப வேண்டும். இந்த விதியைப் பக்கத்து வீட்டுப் பையனுக்கு விளக்கிக்கொண்டே இருந்ததில், குமிழைப் பார்க்க அவருக்கு நேரமில்லை. 36 படத்து ரோலில் எண்காட்டி 37, 38 என்று நடந்தபோதுதான் பையன் கேட்டான்: "அங்கிள், அந்தக் குமிழ் திரும்பவே இல்லையே?"

நாக்கு சுருளியிலிருந்து எப்போதோ நழுவியிருந்தது. வீட்டில் எல்லோருக்கும் மனசு கஷ்டமாகிவிட்டது. ஃபிலிம்தாசர் முகத்தில் மட்டும் அப்படி ஒரு மலர்ச்சி.

"ஃபிலிம் வீணாகலை. மறுபடி முதல்லேருந்து போடலாம்!" என்று அடித்தட்டைக் கழற்ற உட்கார்ந்துவிட்டார். படம் எடுப்பதெல்லாம், ஒரு ரோல் போட்டு முடித்து அடுத்த ரோல் போடுவதற்கு நடுவே அவருக்கு நேரும் தொந்தரவு.